மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு

கோடை விடுமுறை விட்டுவிட்டால் எங்கள் சுந்தரபாண்டியபுரத்துப் பெண்களுக்கு ஒரு சங்கடம். பெயர்தான் குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர். சித்திரையிலும் வைகாசியிலும் அருவிக்கரைக்குப் போனால் காய்ந்த பாறைதான் வரவேற்கும். சாரல் விழுந்து அருவி கொட்டுவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பிள்ளைகளுக்கு லீவு இருக்கும்போது தண்ணீர் இல்லை. தண்ணீர் வரும்போது லீவு இல்லை!

ஆனால் ஆடி மாதம் பாருங்கள், எங்கள் ஊருக்குக் கேரளத்திலிருந்து கார் காராக வந்து இறங்குவார்கள். சுரண்டை ரோட்டில் சூரியகாந்தி பூத்திருக்கும். ஒரு பக்கம் மஞ்சள் வயல், ஒரு பக்கம் குளம், பின்னால் நீல மலை. 1992-ல் வந்த ‘ரோஜா’ படத்தில் கதாநாயகியின் ஊராக வந்தது எங்கள் ஊர்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பூவுக்கு நடுவே நின்று படம் எடுத்துக் கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போவார்கள்.

போன கோடையில் அத்தை (என் மாமியார்) திடீரென்று கேட்டார்கள்: “வருஷா வருஷம் அவங்க நம்ம வயலைப் பார்க்க மலை தாண்டி வாராங்க. நாம ஒரு தடவை அவங்க ஊரைப் போய்ப் பார்த்தா என்ன, ஏளா?”

அத்தை வாயிலிருந்து வந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? எங்க வீட்டுக்காரர் அன்றைக்கே விசாரித்து, கொல்லத்துக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலில் இருக்கும் மன்றோ துருத்து என்ற சின்னத் தீவைத் தேர்ந்தெடுத்தார். அத்தை, நாங்கள் இருவர், ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன். இரண்டே நாள் பயணம். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், ஒரு டப்பா முறுக்கு. நம் மூட்டை வேறு எப்படி இருக்கும்?

குகைக்கு அப்புறம் வேறு உலகம்

தென்காசியில் ரயில் ஏறினோம். செங்கோட்டை தாண்டி பகவதிபுரம் வந்ததும் மலை நெருங்கி வந்து முகத்தருகே நிற்கிறது. அப்புறம் நீளமான குகை. உள்ளே நுழையும்போது வெயிலில் காய்ந்த நம் சீமை. வெளியே வந்தால் ஆரியங்காவு, கண்ணுக்குள் போகும் பச்சை! காற்றே மாறிவிடுகிறது. “ஆச்சி, யாரோ ஃபேன் போட்டுட்டாங்க!” என்று சின்னவன் கத்தினான்.

இந்தப் பாதை 1904-ல் போட்டது. அந்த நாளில் செங்கோட்டையே திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு இருந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் நம் பக்கம் வந்தது. மீட்டர் கேஜ் வண்டியை 2010-ல் நிறுத்தினார்கள்; அகலப் பாதை வேலை முடிந்து 2018-ல் மறுபடி மலை ஏறியது. கழுதுருட்டி அருகே 13 கண் பாலத்தில் வண்டி போகும்போது ஜன்னல் பக்கம் இடம் பிடித்து வையுங்கள். கீழே சாலை, சாலையை ஒட்டிச் சலசலக்கும் ஆறு.

அந்த ஆற்றைக் கொஞ்சம் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். மலையில் விழும் மழை இரண்டாகப் பிரிகிறது. நம் பக்கம் விழுந்தது குற்றாலத்தில் அருவியாகிச் சிற்றாற்றில் ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தப் பக்கம் விழுந்தது குளத்துப்புழை, செந்துருணி, கழுதுருட்டி என்ற கிளைகளாக இறங்கி, ஒன்றுசேர்ந்து கல்லடை ஆறாகி, அஷ்டமுடிக் காயலில் போய் விழுகிறது. விழுகிற இடத்தில் இருப்பதுதான் நாங்கள் போன தீவு. ஒரே மலையின் தண்ணீர்; நாம் கிழக்கு வாசல், அவர்கள் மேற்கு வாசல்.

துருத்து என்றால்?

கொல்லத்தில் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் எர்ணாகுளம் பக்கம் போகும் பாசஞ்சர் வண்டியில் ஏறினோம். பெருமண் பாலத்தில் இரு பக்கமும் விரிந்த காயல். 1988 ஜூலை 8-ந் தேதி ஐலண்ட் எக்ஸ்பிரஸ் இந்த இடத்தில்தான் தண்ணீருக்குள் விழுந்து 105 பேர் இறந்தார்கள். எதிரில் இருந்த ஒரு பெரியவர் அதைச் சொன்னதும் அத்தை கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். பாலம் முடிந்த சிறிது நேரத்தில் மன்றோ துருத்து ஸ்டேஷன். ஒரு தீவுக்கு ரயிலில் போய் இறங்குவது எத்தனை பேருக்கு வாய்க்கும்!

‘துருத்து’ மலையாளச் சொல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நம் தமிழிலேயே துருத்தி என்றால் ஆற்றுக்கு நடுவில் இருக்கும் திட்டு. மாயவரம் பக்கத்துக் குத்தாலத்துக்குத் திருத்துருத்தி என்றுதான் பழைய பெயர். அந்தக் குத்தாலத்துப் பெயரை இந்தக் குற்றாலத்துக்காரர்கள் மலை தாண்டிப் போய்த் தெரிந்து கொண்டோம்!

மன்றோ யார்? 1810-லிருந்து 1819 வரை திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோ. சில வருஷம் திவான் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அப்போது நாட்டை ஆண்டவர்கள் இரண்டு சகோதரிகள். முதலில் ராணி கௌரி லட்சுமி பாய். அவர் 1815-ல் காலமான பிறகு தங்கை கௌரி பார்வதி பாய். அடிமைகளை விற்பதையும் வாங்குவதையும் 1812-ல் தடை செய்தவர் அந்த மூத்த ராணிதான். தீவுக்குத் துரையின் பெயர் வந்துவிட்டது. ராணிகளின் பெயர் வந்திருக்கலாமே என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான்!

தீவு என்கிறோமே தவிர, எட்டுச் சின்னத் திட்டுகள் சேர்ந்த கூட்டம் இது. எல்லாம் சேர்த்து 13 சதுர கிலோமீட்டர் சொச்சம். பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், கோயில், சர்ச், டீக்கடை எல்லாம் உண்டு. திட்டுக்கும் திட்டுக்கும் நடுவில் ஓடுவது தோடு. நாம் வாய்க்கால் என்போமே, அதுதான்.

வள்ளத்தில் இரண்டு மணி நேரம்

மோட்டார் படகு வேண்டாம், கழி ஊன்றித் தள்ளும் நாட்டு வள்ளமே போதும் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தோம். வள்ளக்காரர் வயதானவர். இளவயதில் தூத்துக்குடியில் வேலை பார்த்தவராம், தமிழ் நன்றாக வந்தது. அத்தையை நடுப்பலகையில் உட்கார வைத்து, “அம்மா அனங்காம இருந்தா மதி, பேடிக்கண்டா” என்றார். அத்தைக்கு அது புரிந்ததோ இல்லையோ, பயம் போய்விட்டது.

என்ன அமைதி என்கிறீர்கள்! கழி தண்ணீரில் இறங்கி ஏறும் சத்தம் மட்டும். இரண்டு பக்கமும் தென்னை தண்ணீரைத் தொட்டுக் கொண்டு நிற்கிறது. ஒரு மீன்கொத்தி கம்பத்தில் காத்திருக்கிறது. நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப் போட்டிருக்கிறது, நாம் சேலையை உலர்த்துவது போல. ஒரு வீட்டுப் படித்துறையில் ஒரு பெண் பாத்திரம் தேய்க்கிறாள். அடுத்த வீட்டில் வாத்துக் கூட்டம் எங்களுக்கு வழிவிட மறுக்கிறது. சில இடங்களில் கண்டல் மரங்கள் இரண்டு கரையிலிருந்தும் வளைந்து பந்தல் போட்டிருக்கின்றன. நடைபாலங்கள் மிகவும் தாழ்வு. “தல, தல!” என்று வள்ளக்காரர் குரல் கொடுக்க, நாங்கள் ஐந்து பேரும் மடியில் தலையைப் புதைத்துக் கொள்வோம். ஒவ்வொரு பாலத்துக்கும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

தோடு முடிந்ததும் காயல் திறந்தது. அஷ்டமுடி என்றால் எட்டு முடி. எட்டுக் கிளையாகப் பிரிந்து கிடக்கிறது. கேரளத்தில் வேம்பநாட்டுக்கு அடுத்த பெரிய காயல் இதுதான். நீண்டகரையில் கடலோடு சேர்வதால் உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீர். மீனும் இறாலும் பெருகுவது அதனால்தான். 2002-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இங்கே அள்ளும் சிறு மட்டிக்கு 2014-ல் உலகத் தரச்சான்று கிடைத்தது. இந்தியாவில் அந்தச் சான்று பெற்ற முதல் மீன்பிடிப்பு அது. முங்கி முங்கி மட்டி அள்ளுபவர்களுக்கு எவ்வளவு பெருமை!

வாசலுக்கு வந்த தண்ணீர்

இது வரைக்கும் எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஒரு வளைவில் திரும்பியதும் என் மகள்தான் முதலில் கவனித்தாள். “அம்மா, அந்த வீட்டுக்கு ஏன் வாசற்படியே இல்லை?”

பார்த்தேன். நல்ல ஓட்டு வீடு. ஆனால் திண்ணை தரையோடு தரையாக இருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிர்ந்திருந்தது. அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது, முற்றத்தில் தண்ணீர். அதற்கும் அடுத்ததில் ஜன்னல் வரை புல்.

வள்ளக்காரர் கழியை ஊன்றி நிறுத்தினார். “படி இருந்தது அம்மா. மூணு படி இருந்தது. தாழ்ந்து போச்சு” என்றார்.

தீவு மெள்ள மெள்ளத் தாழ்கிறது. கடலில் ஓதம் ஏறும்போது, அவர்கள் வேலியேற்றம் என்கிறார்கள், தோட்டுத் தண்ணீர் வாசல் தாண்டி அடுப்படிக்கு வருகிறதாம். மழைக்காலம்தான் என்றில்லை, வானம் தெளிந்த நாளிலும் வரும். எத்தனையோ குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கரைக்குப் போய்விட்டன.

ஏன் இப்படி? காரணங்கள் பல சொல்கிறார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகுதான் இது அதிகமானது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். ரயில் போகும் அதிர்ச்சியைச் சொல்பவர்களும் உண்டு. கடல் மட்டம் உயர்வதை ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஒரு காரணம், நாங்கள் ரயிலில் பார்த்துக் கொண்டே வந்த அந்த ஆறு.

இந்தத் தீவு பாறை இல்லை. கல்லடை ஆறு மலையிலிருந்து கொண்டு வந்து கொட்டிய வண்டல். ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் வரும். இரண்டு நாள் வீட்டைச் சுற்றி நிற்கும். போகும்போது ஒரு விரல்கடை மண்ணை விட்டுவிட்டுப் போகும். அந்த மண்ணில் நெல் விளையும், தென்னை காய்க்கும். வெள்ளம் உப்பையும் கழுவித் தள்ளிவிடும். மண் தானாகவே கொஞ்சம் அமுங்கும். அமுங்குவதை அடுத்த வருஷத்து வண்டல் ஈடு செய்யும். வீட்டுக்கணக்கு மாதிரிதான்: வரவும் செலவும் சரியாக இருந்த வரை குடும்பம் நடந்தது.

1961-ல் கல்லடை நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியது. தென்மலையில் அணை கட்டி 1980-களில் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். கொல்லம், பத்தனம்திட்டை, ஆலப்புழை மாவட்ட வயல்களுக்கு வாய்க்கால் போனது. நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டல் அணைக்குள்ளேயே படிந்துவிட்டது. கடைமடையில் இருந்த தீவுக்கு வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. உப்பு ஏறியது, நெல் போயிற்று, தென்னை இளைத்தது.

அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: “நம்ம ஊர்ல குளம் மேடாயிட்டு, வண்டலை அள்ளுங்கன்னு கலெக்டருக்கு மனு எழுதுதோம். இங்க ஒரு கூடை வண்டலுக்கு ஏங்குதாங்களே!”

சேச்சி வீட்டுக் கிழங்கு

மத்தியானச் சாப்பாடு ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரச் சேச்சிக்கு என் வயதுதான் இருக்கும். கதம்பையை உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அழுகினதும் எடுத்து அடித்து, நாரை ராட்டில் முறுக்கிக் கயிறாக்குவது அவர் அம்மா காலத்திலிருந்து வரும் தொழில். ராட்டைச் சுற்றக் கொடுத்தார். என் மகள் திரித்த கயிறு பாதியில் குண்டாகவும் பாதியில் ஒல்லியாகவும் வந்தது!

சேச்சி வீட்டு அடுப்படியை நான் மறக்கவே மாட்டேன். அடுப்பு இடுப்பு உயரத்தில் இருந்தது. அரிசி, பருப்பு, பிள்ளைகளின் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் தலைக்கு மேல் பலகையில். கட்டில் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல். தரையை இரண்டு முறை மண் கொட்டி உயர்த்தினார்களாம். மண்ணை வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கி வள்ளத்தில் கொண்டு வர வேண்டும். தரை உயர்ந்தது, கூரை உயரவில்லை. அதனால் உள்ளே நுழையும்போது குனிய வேண்டியிருக்கிறது. வள்ளத்தில் பாலத்துக்குப் பாலம் குனிந்து சிரித்த என் பிள்ளைகள், இங்கே சத்தமில்லாமல் குனிந்து உள்ளே வந்தார்கள்.

“வேற ஊருக்குப் போயிரலாமே?” என்று அத்தை கேட்டார்கள்.

“போகாம் அம்மா. பட்சே இந்த மண்ணை ஆர் வாங்கும்?” என்றார் சேச்சி. அதற்கு மேல் என்ன பேச? மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். வீட்டில் தண்ணீர் ஏறும் என்று கேட்டதுமே பெண் வீட்டார் பின்வாங்குகிறார்களாம். “உங்க மகள்னா நீங்க குடுப்பீங்களா?” என்று என்னைப் பார்த்துச் சிரித்துக் கொண்டே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஒன்பதாவது படிக்கிற என் மகளைத்தான் பார்த்தேன்.

பேச்சை மாற்றியது சாப்பாடு. கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி, மட்டி தேங்காய் போட்டு வறுத்தது. கிழங்கு பஞ்சு மாதிரி! பக்குவம் கேட்டு வந்தேன்.

கிழங்கைத் தோலோடு உள்ளே இருக்கும் தடித்த பட்டையையும் சேர்த்து உரித்து விடவேண்டும். துண்டு போட்டுத் தாராளமாகத் தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்க விட்டு, ஒரு கொதி வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி புதுத் தண்ணீர், உப்பு, மஞ்சள் போட்டு வேகவைத்து வடிக்க வேண்டும். தண்ணீரை மாற்றுவது ருசிக்காக மட்டுமில்லை. மரவள்ளியில் இயற்கையாகவே ஒருவித விஷச்சத்து உண்டு. கசப்பான கிழங்கில் அது அதிகம். ஊறவைத்து, வேகவைத்து, வடித்தால் நீங்கிவிடும். பச்சையாகப் பிள்ளைகள் கடிக்க விடாதீர்கள். கசக்கிற கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். சம்மந்திக்குக் காந்தாரி மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்டால் போதும்.

போக நினைப்பவர்களுக்கு

தென்காசி, செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு நேராக ரயில் இருக்கிறது. கொல்லத்திலிருந்து மன்றோ துருத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் அரைமணிக்குள் போகலாம். எல்லா வண்டியும் நிற்காது, கேட்டு ஏறுங்கள். வள்ளத்துக்குக் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். இல்லாவிட்டால் மாலை நான்கு மணிக்கு மேல். கோடையிலும் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரலாம், குடை அவசியம்.

வள்ளத்தில் ஏறும்போது எல்லோருக்கும் மிதவைச் சட்டை கேளுங்கள். நீச்சல் தெரிந்தவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். சுடவைத்த தண்ணீரையே குடியுங்கள். அங்கே வீடுகளில் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்து இளஞ்சிவப்பாகத் தருவார்கள், தாராளமாகக் குடிக்கலாம். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகத்தான் உடம்புக்குள் போகும். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்ட்டால் டாக்டரிடம் போங்கள். தண்ணீரில் கால் வைத்ததையும் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. தோட்டுக்குள் வேகப் படகு வேண்டாம். அது கிளப்பும் அலை கரை மண்ணை அரித்து எடுத்துவிடும். அவர்களுக்கு ஒரு கைப்பிடி மண்கூடப் பெரிது. கழி ஊன்றும் வள்ளத்தையே அமர்த்துங்கள். சாப்பாட்டை ஊர் வீடுகளில் சொல்லிச் சாப்பிடுங்கள், கயிறு ஒரு கட்டு வாங்குங்கள். நாம் கொடுக்கும் காசு அந்தப் படிக்கட்டில் ஒரு கல்லாகவாவது நிற்கட்டும். பூட்டிய வீட்டைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒருத்தி கோலம் போட்ட வாசல்.

ஓணம் கழிந்து 28-ம் நாள் கல்லடை ஆற்றில் வள்ளங்களி, அதாவது படகுப் பந்தயம் நடக்கும். அப்போது வரச் சொல்லியிருக்கிறார் சேச்சி. நாங்களும் அவரை ஆடி மாதம் சூரியகாந்தி பார்க்கக் கூப்பிட்டிருக்கிறோம். வரும்போது என்ன கொண்டு வர என்று அவர் கேட்டார், எங்களுக்கு என்ன தர என்று அத்தையும் கேட்டார்கள்.

“கொஞ்சம் மண்ணு தந்தா மதி” என்றார் சேச்சி. சிரித்துக் கொண்டுதான் சொன்னார்.